வெற்றி எதற்கான ஒப்புதல்?

ஆசிரியருக்கு,

கட்சியிலிருந்து விலகிய ஒருவர் மீண்டும் தேர்தலில் வென்றுவிட்டால், அது மக்கள் வழங்கிய முழு ஒப்புதல் என்று ஒரு சாராரும், வாக்காளர்களின் மறதி என்று மறுசாராரும் கூறுகின்றனர். இரண்டுமே அவசரக் கணிப்புகள்.

பிரிட்டனின் லிங்கன் தொகுதியில் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டிக் டவர்ன், ஐரோப்பியப் பொதுச் சந்தை (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான வணிகக் கூட்டமைப்பு) குறித்த கருத்து வேறுபாட்டால் 1972-இல் கட்சியை விட்டு விலகியதோடு பதவியையும் துறந்து, 1973 இடைத்தேர்தலில் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஆனால், 1974 அக்டோபரில் அதே தொகுதியில் தோற்றார். 2014-இல் பழமைவாதக் கட்சியிலிருந்து விலகிய மார்க் ரெக்லெஸும் நவம்பர் இடைத்தேர்தலில் வென்று, அடுத்த மே மாதப் பொதுத்தேர்தலில் தொகுதியை இழந்தார். இடைத்தேர்தலில் ஆட்சி மாறப்போவதில்லை என்பதால் வாக்காளர் மனிதரைப் பார்க்கிறார். பொதுத்தேர்தலில், யார் ஆள்வது என்ற கேள்வி கட்சியை மீண்டும் முன்னிறுத்திவிடுகிறது. (விதிவிலக்கும் உண்டு: தொழிற்கட்சியை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று 2000-இல் லண்டன் மேயரான கென் லிவிங்ஸ்டனை, அக்கட்சியே 2004-இல் திரும்ப அழைத்துக்கொண்டது.)

டவர்ன், ரெக்லெஸ் இருவரும் தோற்றதை விட, பதவியைத் துறந்துவிட்டு மக்களிடம் திரும்பிச் சென்றதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய சின்னத்தில் பெற்ற இடத்தைப் பதவிக்காலம் முடியும்வரை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்துப் புதிய கட்சியின் பலத்தில் வெல்பவர், அந்த வெற்றியைத் தமது விலகலுக்கான தீர்ப்பாகக் காட்டுவதை ஏற்க இயலாது; அவரிடம் ‘விலகியது சரியா’ என்ற கேள்வியை வாக்காளர் உரிய நேரத்தில் கேட்க வாய்ப்பே தரப்படவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்