துவாலுவில் மலை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு என்ற தீவு நாட்டைக் கடல் விழுங்குகிறது என்று சென்ற இதழில் வந்த ‘மூழ்கும் நாடு’ கட்டுரையைப் படித்தேன். துவாலு என்று போட்டு ஒரு படம் அச்சிட்டிருந்தீர்கள். வெள்ளை மணல், தென்னை, பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மலை. துவாலுவில் மலை கிடையாது. நாட்டிலேயே உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரைத் தொடாது. எங்கள் தெருவில் மாடி வீடுகள் அதைவிட உயரம்.

நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களோடு பதினோரு மாதம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிறேன். 1990களின் கடைசியில், ஜெர்மன் முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் நான் எஞ்சின் அறையில் வேலை செய்யும் மோட்டார்மேன். டெக்கில் பாதிப்பேர் துவாலுக்காரர்கள். மொத்த நாடே 26 சதுர கிலோமீட்டர், ஜனம் பத்தாயிரத்துச் சொச்சம். அதற்குள் அமட்டுக்கு என்ற சின்னத் திட்டில் ஒரு மாலுமிப் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கே படித்து வந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் அங்கே எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது கப்பல் சம்பளத்தில்தான். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அந்த வேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, துவாலுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு ராத்திரி வாட்ச் முடிந்து உட்கார்ந்திருந்தபோது தென்னம்பாளையைக் கட்டிச் சீவுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும், சீவல் மெல்லிசாக இருக்க வேண்டும், தவறினால் பாளை வீண். எங்கள் பக்கத்துப் பனையேறி பேசுவது போலவே இருந்தது. புளிக்காததைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பார்களாம், மீதியைப் பாகாகக் காய்ச்சுவார்களாம். நான் பதநீர், கருப்பட்டி என்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “உங்கள் வீட்டில் யார் ஏறுவது?” என்று கேட்டார். அவர்கள் வீட்டில் பையன்கள் எல்லோரும் ஏறுவார்களாம். எங்கள் வீட்டில் ஏன் யாரும் ஏறுவதில்லை என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவர்களுடைய ‘டே ஆனோ’ என்ற விளையாட்டுக்குத் தாழை ஓலையில் பந்து பின்னுவார்கள். கப்பலில் ஓலைக்கு எங்கே போவது? பெட்டி கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையை அறுத்துப் போசன் பின்னினார். கனமான பந்து. தடுக்கப் போய் என் சுண்டுவிரல் வீங்கியது.

இனி ஒரு திருத்தம். துவாலு என்றால் ஒன்பது தீவு என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். தீவுகள் ஒன்பதுதான், பெயருக்குப் பொருள் ‘எட்டும் சேர்ந்து நிற்பது’. ஒன்பதாவதான நியுலகிடாவில் நிலையான குடியேற்றம் பின்னால் வந்தது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் எல்லிஸ் தீவுகள். பக்கத்துக் கில்பர்ட் தீவுகளோடு (இன்றைய கிரிபாட்டி) சேர்த்துக் கட்டி ஆண்டார்கள். 1974இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்து, 1978 அக்டோபர் 1 அன்று சுதந்திரம் பெற்றார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இணைய முகவரி ‘.டிவி’ என்று முடிகிறது. அதைக் குத்தகைக்கு விட்டு வந்த காசு செலவுக்குக் கைகொடுக்க, 2000இல் ஐ.நா.வின் 189ஆவது உறுப்பினரானார்கள். இதைப் பரிதாபப்பட வேண்டிய கூட்டம் செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

மூழ்குவது பற்றியும் கட்டுரை கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, அந்த நாட்டின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். அலை ஒரு பக்கம் அரித்த மணலை இன்னொரு பக்கம் சேர்க்கிறது. அதற்காக ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரிய ஓதம் வரும் நாட்களில் தண்ணீர் கரை தாண்டி மட்டும் வராது, தரைக்கு அடியிலிருந்தும் ஊறிவரும். நம் சேம்பு மாதிரி ‘புலகா’ என்றொரு கிழங்கை, நன்னீர் கிட்டும் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பயிரிடுகிறார்கள். அந்தக் குழியில் உப்பு ஏறிவிட்டால் கிழங்கு அழுகிவிடும். ஆறு கிடையாது, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால்தான் குடிதண்ணீர். 2011இல் மழை பொய்த்து நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். சுற்றிலும் கடல் இருக்க, குடிக்க நீரில்லாத தவிப்பு கப்பலில் இருந்தவனுக்குக் கொஞ்சம் புரியும்.

கட்டுரையில் வந்த ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஆஸ்திரேலியாவோடு 2023இல் கையெழுத்தான ‘ஃபலேபிலி’ ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய்க் குடியிருக்கலாம். 2025இல் முதல் குலுக்கலுக்கு நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெயர் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த விசாவில் நினைத்தபோது ஊருக்குத் திரும்பலாம், மறுபடி போகலாம். கப்பலுக்குப் போய் வந்த ஜனங்களுக்கு இது பழக்கம்தானே? திரும்ப முடியாமல் போனவர்கள் வேறு. 1863இல் பெரு நாட்டு ஆள்பிடிக்கும் கப்பல்கள் இன்றைய தலைநகரான ஃபுனாஃபுட்டியிலும் நுகுலேலே தீவிலும் நூற்றுக்கணக்கானவர்களை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போயின. போசன் அதை முந்தாநாள் நடந்தது போலச் சொன்னார்.

கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. போகாத ஊரைப் பற்றி எழுதினால் எனக்கும் இப்படித்தான் வரும். அடுத்த முறை படம் தேவைப்பட்டால், ஃபுனாஃபுட்டியின் விமான ஓடுதளத்தைச் சாயங்காலம் எடுத்த படமாகப் பார்த்துப் போடுங்கள். உலகப் போரின்போது அமெரிக்கர்கள் போட்ட ஓடுதளம் அது. விமானம் வாரத்துக்குச் சில நாள்தான். வருமுன் சங்கு ஊதி ஆட்களை விலகச் சொல்வார்கள். மற்ற நேரம் அங்கே வாலிபால் வலை கட்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர் ஒருவர்,
தூத்துக்குடி.