எழுதிய கை யாருடையது?

ஐயா,

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், சேலம் ஊரில் 1692-ல் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ‘உயிரோடு கொளுத்தினார்கள்’ என்ற வரி மட்டும் உறுத்தியது. அங்கே யாரையும் கொளுத்தவில்லை. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியைக் கல்லேற்றி நசுக்கினார்கள். சிறையில் செத்தவர்கள் தனிக்கணக்கு.

இதைச் சரிபார்க்க நூலகம் நூலகமாக அலைய வேண்டியதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் பிடிவாரண்ட், விசாரணைக் குறிப்பு, வாக்குமூலம் எல்லாம் படிக்கக் கிடைக்கின்றன. பலவற்றுக்கு மூலத்தாளின் படமும் உண்டு. அந்தப் படத்தையும் அவசியம் திறந்து பாருங்கள். நான் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வாக்குமூலம் என்றால் சொன்னவர் யார் என்பதோடு எழுதியவர் யார் என்றும் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி.

குற்றம் சாட்டிய பிள்ளைகளில் ஆன் புட்னம் முக்கியமானவள், வயது 12. அவள் வாக்குமூலங்கள் பல அவள் அப்பா தாமஸ் புட்னமின் கையெழுத்தில் இருக்கின்றன. மற்றவர்களுக்கும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மொத்தம் நூற்றுக்கு மேல். ‘இவள் சூனியக்காரி என்று மனதார நம்புகிறேன்’ என்று ஆளுக்கு ஆள் ஒரே பல்லவி பாடுவது பிறகென்ன அதிசயம்! சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட மூதாட்டி ரெபெக்கா நர்ஸின் விசாரணையைக் குறிப்பெடுத்தவர் பாதிரியார் சாமுவேல் பாரிஸ். சூனியத்தால் வந்தது என்று சொல்லப்பட்ட வலிப்பை முதலில் கண்ட இரண்டு சிறுமிகளும் அவர் வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பொருத்தத்தை என்னவென்று சொல்ல?

தேதியிலும் கவனம் வேண்டும். அன்று அங்கே சட்டப்படி ஆண்டு பிறப்பது மார்ச் 25-ல். அதனால் மார்ச் தொடக்கத்துத் தாள்களில் 1691 என்றோ 1691/2 என்றோ இருக்கும். இரண்டும் நம் கணக்கில் 1692தான். அப்புறம், தூக்குத் தண்டனை விதித்த தனி நீதிமன்றத்தின் பதிவேடு தொலைந்துவிட்டது. கையில் இருப்பவை உதிரித் தாள்கள். அறைக்குள் நடந்த முழு வழக்கும் நமக்குத் தெரியும் என்கிற தோரணையில் எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

அடுத்த பகுதியில் ரெபெக்கா நர்ஸ் வழக்கு வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றார்கள், நீதிபதி திரும்ப யோசிக்கச் சொன்னார் என்பது பலருக்கும் தெரிந்ததே. ரெபெக்காவுக்காக அக்கம்பக்கத்தார் 39 பேர் கையெழுத்திட்ட மனுவையும் சேருங்கள். அதில் ஜொனாதன் புட்னம் பெயர் இருக்கிறது. மார்ச் மாதம் ரெபெக்காமேல் புகார் கொடுத்த இருவரில் ஒருவர் இவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்