போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த ஊர்

அன்புள்ள கண்ணா,

போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன். "இந்தக் குளிர்ல எதுக்கும்மா வெளியே போற, வீட்டுக்குள்ளயே நடக்கக் கூடாதா"ன்னு கேட்டாய். உனக்கு ஆக்லாந்தில் இப்போது நல்ல வெயில் காலம். இங்கே இங்கிலாந்தில் டிசம்பர் கடைசியில் காலை எட்டேகால் ஆனால்தான் சூரியன் தலை காட்டும், நான்கு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும், நடுவில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்தால் மனசு சுருங்கிப்போகும். எனக்கும் அப்பாவுக்கும் அந்த நடைதான் மருந்து.

போன சனிக்கிழமை செல்ட்டனமில் 801 பஸ்ஸைப் பிடித்து போர்ட்டன்-ஆன்-தி-வாட்டரில் இறங்கினோம். நீ சின்னப் பையனாக இருந்தபோது மாடல் வில்லேஜ் பார்க்கக் கூட்டிப் போவோமே, ஊரையே ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கட்டி 1937-இல் திறந்தார்களே, அதே ஊர்தான். கோடையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அன்று வின்ட்ரஷ் ஆற்றில் வாத்துகளும், நாயோடு நடக்க வந்த இரண்டு மூன்று பேரும்தான், அவர்களும் "மார்னிங்" சொல்லாமல் கடந்து போகவில்லை. அங்கிருந்து வயல் வழியாக லோயர் ஸ்லாட்டர், அப்புறம் ஐ (Eye) என்கிற ஆற்றை ஒட்டியே அப்பர் ஸ்லாட்டர். ஊருக்கு ஊர் ஒரு மைல் சொச்சம்தான்.

வயலில் முன்பு சேறாக இருந்ததெல்லாம் உறைந்து கிடந்தது. ஆட்டுக் குளம்புத் தடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி, மேலே மெல்லிய பனிக்கட்டி மூடி, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆள் நுழையலாம், ஆடு நுழைய முடியாது என்கிற மாதிரி சின்ன அடைப்புக்குள் முன்னும் பின்னும் அசைகிற கேட் இருக்குமே, அதன் இரும்புக் கொண்டி இறுகிப்போயிருந்தது. அப்பா கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டே நின்றார், அது இளகும்வரை.

அந்த நிலமெல்லாம் யாரோ ஒரு விவசாயியுடையது, நாம் அவரைக் கேட்கவே வேண்டாம், மஞ்சள் அம்புக்குறி காட்டுகிற பக்கம் நடந்துகொண்டே இருக்கலாம். உன் தாத்தாவும் நம் வரப்பில் நடக்கிற யாரையும் தடுத்ததில்லை, ஆனால் அது அவருடைய குணம். இங்கே அது சட்டம். 1949-இல் போட்ட சட்டப்படி ஒவ்வொரு கவுன்டியும், நம்மூர் மாவட்டம் மாதிரி, எந்தெந்த நடைபாதை பொதுமக்களுக்கு உரியது என்று வரைபடம் போட்டுப் பதிந்தாக வேண்டும். வயலுக்குக் குறுக்கே போகிற பாதையை உழுதுவிட்டால்கூட, விதைப்புக்காகத்தான் என்றாலும், 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு மறுபடி நடக்கிற மாதிரி சரிசெய்து தரவேண்டும். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம். நிலம் இல்லாதவனுக்கும் நடக்க வழி இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள் பார்.

லோயர் ஸ்லாட்டரில் அந்தப் பழைய மாவு மில்லைப் பார்த்தோம். ஊர் முழுக்க வீடுகள் தேன் நிறக் கல், ஜுராசிக் காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். மில் மட்டும் சிவப்புச் செங்கல், பக்கத்தில் தண்ணீர்ச் சக்கரம். இப்போதிருக்கிற கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டுடையது, ஆனால் நாட்டு நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதிய 1086-ஆம் ஆண்டு டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இங்கே மில் இருந்ததாகக் குறிப்பு உண்டு.

அப்பர் ஸ்லாட்டரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். டெல்லியில் ராஷ்டிரபதி பவன் கட்டினாரே லட்டியன்ஸ், அவர்தான் 1906-இல் அந்த ஊர்ச் சதுக்கத்து வீடுகளைத் திருத்திக் கட்டியவர். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. இங்கிலாந்தில் எந்த ஊருக்குப் போனாலும் போரில் செத்தவர்களுக்கு ஒரு கல் நிற்கும், சில ஊர்களில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும், படிக்கவே முடியாது. இந்த ஊரில் அந்தக் கல் இல்லை. முதல் உலகப் போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள், இரண்டாம் போருக்குப் போனவர்களும் அப்படியே. 1944 பிப்ரவரியில் ஊர் மேலேயே குண்டு விழுந்தது, அப்போதும் ஓர் உயிர் போகவில்லை. இப்படிப்பட்ட ஊர்களை இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீ வேலைக்குத்தான் போயிருக்கிறாய், போருக்கில்லை, அது எனக்குத் தெரியாதா. ஆனாலும் அங்கே நின்றபோது அந்தக் காலத்து அம்மாக்களைத்தான் நினைத்தேன். தபால்காரன் வந்தாலே வயிறு கலங்கியிருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் உன் முகத்தைப் பார்க்கிற எனக்கே ஒரு நாள் தவறினால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. பார்த்தால் போதுமா? பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வேளை பரிமாற வேண்டும் என்று இருக்கிறது. அப்பா இதைச் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

பிப்ரவரியில் வா. சர்ச் தோட்டங்களில் ஸ்னோடிராப் பூத்திருக்கும், குளிரும் கொஞ்சம் அடங்கும். நீ விட்டுப்போன நடை பூட்ஸ் மாடிப் பெட்டியில்தான் இருக்கிறது, அப்பா அதற்கு மெழுகு போட்டு வைத்திருக்கிறார், புதிதாக வாங்கிக்கொண்டு வராதே. லீவு கிடைக்குமா என்று இந்த வாரமே ஆபீசில் கேட்டுவிட்டு எனக்குப் பதில் போடு.

அன்புடன்,
அம்மா