நாய்க்குச் சோறு விஷமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் செல்லப்பிராணிகள் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாய் என்பது வீட்டுக்குள் வாழும் ஓநாய்தான், சோறும் கூழும் அதற்கு விஷம், பச்சை இறைச்சி மட்டுமே அதன் இயற்கை உணவு என்று அதில் எழுதியிருந்தது. கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராக (இன்ஸ்பெக்டராக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலேயே என் வேலைக்காலம் போனது. அந்தக் கட்டுரையை நம்பி யாராவது நாயின் தட்டில் இருக்கும் சோற்றை எடுத்துவிட்டுப் பச்சைக் கறியை வைத்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளின் நாய்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ராத்திரி முழுக்கக் கிடையைச் சுற்றி வரும் அந்த நாய்க்குக் காலையில் கிடைப்பது கம்பங்கூழ் அல்லது கேப்பைக்களி. ஆடு குட்டி போட்டால் நஞ்சுக்கொடி கிடைக்கும். மற்றபடி ஆட்கள் சாப்பிட்ட மிச்சம்தான். சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு வேட்டைநாய்களை வளர்க்கும் வீடுகளிலும் வாசலில் கூழ் ஊற்றும் கல்தொட்டி கிடக்கும். முயலை ஓடிப் பிடிக்கும் வேகம் கொண்ட நாய்கள் அந்தத் தொட்டியில் வளர்ந்தவைதான்.

இது ஏதோ வறுமைக்காகப் பழக்கிய பழக்கம் இல்லை. நாயின் உடம்பே அதற்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஓநாய்களின் மரபணுக்களையும் 60 நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2013ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாயிடம் 2 நகல்தான் இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 நகல்கள் வரை இருந்தன. நாயின் கணையத்தில் அந்த மரபணு ஓநாயைவிட 28 மடங்கு வேலை செய்கிறது. நம்மைப் போல நாய்க்கு எச்சிலில் மாவு கரையாது, சிறுகுடலில்தான் கரையும். அதனால்தான் அரிசியோ கம்போ நன்றாக வெந்திருக்க வேண்டும். வேகாத மாவு சரியாகச் செரிக்காது.

எல்லா நாய்க்கும் ஒரே அளவு நகல் கிடையாது. பனிப்பிரதேசத்தில் மீனும் கடல்நாய்க் கறியும் தின்று வளர்ந்த ஸ்லெட்ஜ் (பனியில் வண்டி இழுக்கும்) நாய்களிடம் நகல்கள் குறைவு. ஆஸ்திரேலியாவின் காட்டுநாயான டிங்கோவிடம் ஓநாயைப் போல 2தான். வயலும் தானியமும் இருந்த ஊர்களில் வாழ்ந்த நாய்களிடம்தான் அந்த எண்ணிக்கை ஏறியது.  

மரபணு மாறப் பல தலைமுறை ஆகும். அதுவரை நாய் எப்படிச் சமாளித்தது? எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி இதைப் பற்றியதுதான். வட இத்தாலியில் சோலரோலோ என்ற ஊரில் வெண்கலக் காலக் குடியிருப்பு ஒன்றைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த, சுமார் 3,500 ஆண்டுகள் பழமையான 13 நாய் விட்டைகளை ஆராய்ந்து, அவற்றில் மிஞ்சியிருந்த குடல் பாக்டீரியாக்களின் மரபணுக்களைப் படித்திருக்கிறார்கள். 2021ல் அது வெளிவந்தது. அந்த நாய்களுக்கு அமைலேஸ் நகல்கள் குறைவுதான். ஆனால் குடலில் இருந்த பாக்டீரியாக்களிடம் மாவைச் சிதைக்கும் நொதிகள் நிறைய இருந்தன. உழவர் வீட்டுத் தானியத்தைத் தின்ன நாயின் சொந்த உடம்பு முழுதாகத் தயாராகும் முன்பே குடலுக்குள் இருந்த கிருமிகள் கைகொடுத்திருக்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. காய்ந்துபோன நாய் விட்டையில் இவ்வளவு பெரிய கதை இருந்திருக்கிறது!

இன்றைய நாயின் குடலும் ஓநாய்க் குடலாக இல்லை. 64 நாய்களை வைத்து 2018ல் வெளியான ஆய்வு ஒன்று, நாயின் குடல் பாக்டீரியா மரபணுக்கள் பன்றி, எலியுடையதைவிட மனிதருடையதைத்தான் அதிகம் ஒத்திருக்கின்றன என்று சொல்கிறது. புரதத்தைக் கூட்டி மாவைக் குறைத்ததும் அந்தப் பாக்டீரியாக் கூட்டமும் மாறியது. குண்டாக இருந்த நாய்களிடம் மாற்றம் இன்னும் அதிகம். நாய்த்தீவனம் தயாரிக்கும் நெஸ்லேயின் ஆய்வாளர்களும் அதில் பங்கெடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும், தட்டில் எதை மாற்றினாலும் குடலுக்குள் இருப்பவையும் மாறும் என்பதை நாங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி லேப்ரடார் வளர்க்கிறான். தயிர்ச்சோறு, வேகவைத்த கோழி, முட்டை என்று வளர்ந்த நாய். யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பச்சைக் கறி போட்டான். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. விளையாடக் கூப்பிடுகிற மாதிரி தெரியும். ஆனால் வாலாட்டவில்லை. வயிற்றுவலி வந்த நாய் அப்படி நிற்கும். சிமெண்ட் தரையில் தண்ணீராகக் கழிச்சல், அதன் மேல் சளி படிந்து, அழுகிய முட்டை நாற்றம்.

செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் புரதத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியாவும் கந்தக வாயுவும் வரும். நாற்றம் அதனால்தான். நார்ச்சத்து அங்கே போய்ச் சேர்ந்தால் அதே பாக்டீரியாக்கள் அதைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றிக் குடல்சுவருக்கே தீனி கொடுக்கும். உணவை மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று போக வேண்டும். உள்ளே இருக்கும் கூட்டம் மாறிக்கொள்ள அவகாசம் வேண்டாமா?

அந்தத் தம்பி அதற்குள் மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் என்ற, பாக்டீரியாக்களைக் கொல்லும் மாத்திரையை வாங்கி வைத்திருந்தான். நம் வீடுகளில் நாய்க்குக் கழிச்சல் என்றாலே இந்த மாத்திரைதான். நோயில்லாத நாய்களுக்கு 14 நாள் இதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020ல் வெளிவந்தது. மாத்திரையை நிறுத்தி 4 வாரம் ஆன பிறகும் சில நாய்களின் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தால் கொடுங்கள், நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

அதற்காக வெறும் மோர்ச்சோறு போட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. அப்படி வளரும் நாயின் விலா எலும்பை எண்ணலாம், முடியில் பளபளப்பு இருக்காது. நாய்க்குக் கறி பிடிக்கும், வேண்டியதும்கூட. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) அனிந்திதா பத்ரா என்ற ஆய்வாளரின் குழுவினர் தெருநாய்களிடம் சோதித்திருக்கிறார்கள். வளர்ந்த நாய்கள் கறி வாசம் வருவதைத்தான் முதலில் எடுக்கின்றன. குட்டிகளிடம் அந்த விருப்பம் தெரியவில்லை. அது வளர வளர வருவது என்பது அவர்கள் முடிவு. ஆகவே வெந்த சோற்றோடு வெந்த கறி, முட்டை, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ போடுங்கள். குழம்பு ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம்.

தானியமே இல்லாத தீவனம் என்று விலை கூடிய பாக்கெட்டுகளைக் கட்டுரை சிபாரிசு செய்கிறது. அரிசி, கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மாவுச்சத்து எங்கும் போகவில்லை. இப்படிப்பட்ட தீவனம் தின்ற நாய்களுக்கு இதயத்தசை நோய் வருவதாகப் புகார்கள் வந்ததால் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ 2018ல் விசாரணை தொடங்கியது. இதனால்தான் அது வருகிறது என்று உறுதிசெய்யப் போதிய தகவல் இல்லை என 2022ல் சொல்லியது. சந்தேகம் தீராத ஒன்றை இயற்கை உணவு என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னை அதிகம் பயமுறுத்தியது வேறு. ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகக் கொடுக்கலாம் என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அறுத்த ஆட்டின் ஈரலில் சில சமயம் கோலிக்குண்டு அளவிலும் அதற்கு மேலும் வெள்ளையாக நீர்க்கட்டிகள் இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த நீர் பீறிடும். அதை நாய் தின்றால் கட்டிக்குள் இருக்கும் நாடாப்புழுவின் குஞ்சுகள் நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நாயின் முடியில் ஒட்டி, கொஞ்சி விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போனால், அதே நீர்க்கட்டி அந்தக் குழந்தையின் ஈரலில் வரும். ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் வளரும். பச்சைக் கறியில் இருக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவும் இப்படித்தான், நாய்க்கு ஒன்றும் செய்யாமல் அதன் மலம் வழியாக வீட்டாருக்கு வரலாம். நன்றாக வேகவைத்தால் இரண்டுமே செத்துவிடும்.

சென்னை வேப்பேரியிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள மருத்துவர் ஒருவரை வைத்து அதே பக்கத்தில் இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அதற்கு நாளாகும் என்றால், பச்சை ஈரல், நுரையீரல் பற்றிய அந்த வரிக்கு மட்டுமாவது வரும் ஞாயிற்றுக்கிழமையே திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.