எண்ணை மட்டும் போடாதீர்கள், அளந்த விதத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஆதிமனிதர்களின் கற்கருவிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதை மறுத்து வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். "பதினைந்து லட்சம் ஆண்டு என்கிறார்கள். யார் போய்ப் பார்த்தார்கள்? எல்லாம் ஊகம்தானே" என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நம்புவதற்குச் செய்தியில் எந்த விவரமும் இல்லை. "கார்பன் பரிசோதனையில் தெரியவந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியும் தவறு.

தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தவறு அவர்களிடமும் அப்படியே இருக்கிறது. எதன் வயதைச் சொன்னாலும், "கார்பன் வெச்சு கண்டுபிடிச்சாங்க சார்" என்பார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கார்பன்-14 என்பது தானாகவே சிதைந்து குறையும் ஒரு வகைக் கார்பன். அதை வைத்து அளக்கும் முறை உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் பொருந்தும். மரக்கரி, நெல், எலும்பு, துணி போன்றவற்றைச் சோதிக்கலாம். உயிர் இருக்கும்வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். செத்த பிறகு சேர்வது நின்று, 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டு போனால் அளக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது. கல்லாயுதம் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை, வயதோ பல லட்சம் ஆண்டு. இரண்டு காரணத்தாலும் அங்கே கார்பனுக்கு வேலை இல்லை. நம் எண்ணூருக்குக் கப்பலில் வந்து இறங்குகிறதே ஒடிசாவின் தால்சர் நிலக்கரி, அது 25 கோடி ஆண்டுக்கும் முந்தைய காடு. அதில் கார்பன் நிறைய இருக்கிறது, கார்பன்-14 மட்டும் இல்லை. எல்லாம் எப்போதோ சிதைந்து போய்விட்டது.

சரி, அத்திரம்பாக்கத்தில் எப்படி அளந்தார்கள்? தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். கல் தரையின் மேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டு, அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற, தானாகச் சிதையும் இரண்டு வகை அணுக்கள் சிறிதளவு உண்டாகின்றன. ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது, புதிதாக எதுவும் சேராது. ஏற்கெனவே சேர்ந்தது சிதையும். அலுமினியம் வேகமாகச் சிதையும், ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டில் பாதி. பெரிலியத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆகும். இன்று இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், கல் எப்போது மண்ணுக்குள் போனது என்று கணக்கிடலாம். சராசரியாகப் 15 லட்சம் ஆண்டு, எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் 10 லட்சத்துக்கு மேல் என்று வந்தது. அதோடு விடவில்லை. அந்த மண் அடுக்கில் பதிந்திருந்த காந்தத் திசையையும் பார்த்தார்கள். பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திசை மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. கருவிகள் கிடைத்த அடுக்கின் காந்தம் தலைகீழாக இருந்தது. அப்படியானால் அது அந்த மாற்றத்துக்கு முந்தைய மண். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு முறைகள் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இதை எப்படி ஊகம் என்பது?

அதே இடத்தில் மேலே உள்ள அடுக்குகளுக்கு வேறு முறை. புதைந்த மணல் துகள், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தால் செல்போன் பேட்டரி போலச் சிறுகச் சிறுகச் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் அது முழுக்க இறங்கிவிடும். எனவே வெளிச்சம் படாமல் மண்ணை எடுத்து, இருட்டறையில் தூண்டி, எவ்வளவு ஒளி விடுகிறது என்று அளக்கிறார்கள். 2018-இல் வந்த ஆய்வு அப்படிச் சொன்ன வயது 3,85,000 ஆண்டு, 64,000 கூடலாம் அல்லது குறையலாம். அந்த 64,000-ஐ நம் செய்தித்தாள்கள் விழுங்கிவிடுகின்றன. எவ்வளவு தூரம் தெரியும், எதற்கு மேல் தெரியாது என்று ஆய்வாளர் நேர்மையாகச் சொல்லும் இடமே அதுதான். தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.

பாறைக்கு வருகிறேன். பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் பரங்கிமலை வரும். அங்கேயுள்ள சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைதான் என்பதால், 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரை வைத்தார். இவ்வளவு பழைய பாறைகளை அளக்கப் பெரிதும் உதவுவது சிர்கான் என்ற கனிமம். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை விடாது. ஆகவே பின்னாளில் அதற்குள் காணும் காரீயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு. இரண்டும் வேறு வேறு காரீயமாக மாறுகின்றன. ஒரே படிகத்தில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், இடையில் பாறைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

புதைபடிவங்களை நேரடியாக அளப்பது அரிது. அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளை அளந்து, இந்தக் காலத்துக்கும் அந்தக் காலத்துக்கும் நடுவில் என்று சொல்வார்கள்.

அந்த வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: சிதையும் வேகம் அன்றைக்கும் இதேதான் என்று எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. 1987-இல் ஒரு விண்மீன் வெடித்ததைப் பார்த்தார்கள். அது ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நாம் பார்த்த ஒளி அத்தனை ஆண்டுக்கு முன்பே புறப்பட்டது. அந்த வெடிப்பில் உண்டான, தானாகச் சிதையும் கோபால்ட்-56, நம் ஆய்வகத்தில் அளந்த அதே 77 நாள் கணக்கில்தான் பாதி பாதியாகக் குறைந்தது. யார் போய்ப் பார்த்தார்கள் என்றால், இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

பூமியின் வயதைச் சொன்ன கிளேர் பேட்டர்சனைப் பற்றி வடசென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பூமி பிறந்தபோது இருந்த பாறை உருகி மாறிப் போய்விட்டது. அதனால் பூமியோடு சேர்ந்து உருவான விண்கற்களில் உள்ள காரீயத்தை அளந்து, 1956-இல் 455 கோடி ஆண்டு என்றார். 7 கோடி கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். இன்றைய கணக்கு 454 கோடி. ஆனால் அந்த அளவீடு அவரை வருடக்கணக்கில் படுத்தியது. எங்கே பார்த்தாலும் காரீயம். தூசியில், தண்ணீரில், தோலில், தலைமுடியில் எல்லாம் இருந்தது. அறையைக் கழுவிக் கழுவிச் சுத்தமாக்கி அளந்தார். அப்புறம் இந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பெட்ரோலில் கலந்த காரீயம் காற்றையே கெடுத்துவைத்திருப்பதைக் காட்டி, தொழில் முதலாளிகளின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு போராடினார். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு, பாறையின் வயது தேடிய ஒருவர் காற்றில் இருந்த விஷத்தைக் கண்டுபிடித்தார் என்பது சாதாரணச் செய்தி இல்லை.

ஆகவே என் வேண்டுகோள். இனி எந்தப் பழம்பொருளின் வயதைப் போட்டாலும், எதை அளந்தார்கள், எந்த முறையில், எத்தனை கூடக் குறைய என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரி கூடுதலாகும், அவ்வளவுதான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது, மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சரிபார்த்தார்கள். பலர் பெருமையை மட்டும் எழுதினார்கள், அந்தச் சரிபார்ப்பை எழுதவில்லை.

கல்வித்துறைக்கும் உங்கள் மூலம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அத்திரம்பாக்கம் இருக்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில்தான் பூண்டி நீர்த்தேக்கமும் இருக்கிறது. அந்த ஆறு எண்ணூரில் வந்து கடலில் சேர்கிறது. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கே அழைத்துப் போக ஒரு பேருந்து ஏற்பாடு செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.