வார்த்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1909இல் செய்த, இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் வெண்கலத் தலைச் சிற்பத்தை ஞாயிறு இணைப்பில் பார்த்தேன். சுவாமிமலையில் முப்பது வருடமாகச் சிலை வார்ப்பவன் நான். படத்தைப் பார்த்ததும் கை அரத்தைத் தேடியது. நெற்றி, கன்னம், முடி எங்கும் மேடும் பள்ளமும். எங்கள் பட்டறையில் அராவி வழவழப்பாக்காமல் ஒரு சிலையும் வெளியே போகாது.

அப்புறம் உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது, அதெல்லாம் மண் ஒட்டிய தடம். பாரிஸில் மாலரை எதிரே உட்காரவைத்து, பேசிக்கொண்டே விரல்களுக்குள் சின்னச் சின்ன மண் உருண்டைகளை உருட்டி ஒட்டுவாராம் ரோடின். அவர் கையில் கருவியைப் பார்ப்பதே அரிது என்று மாலரின் மனைவி அல்மா எழுதியிருக்கிறார். மாலர் 1911இல் காலமாகிவிட்டார். அந்த உருண்டைகள் இன்னும் உலோகத்தில் நிற்கின்றன.

ஆனால் ரோடினின் கை மண்ணோடு நின்றது. வெண்கலம் ஊற்றியது வேறு கை. நாங்கள் மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவோம். உள்ளே கெட்டியாக இருக்கும். அங்கே பெரும்பாலும் மணல் வார்ப்பு. மண் உருவத்திலிருந்து பிளாஸ்டர் பிரதி, அதிலிருந்து மணல் அச்சு, சிலை உள்ளே கூடாக வர நடுவில் கரு என்ற ஓர் உள் அச்சு, அதைச் சுற்றிலும் உள்ள மெல்லிய இடைவெளியில் வெண்கலம். இத்தனை கட்டம் தாண்டியும் ஒரு விரல் தடம் மழுங்காமல் வருவது லேசுப்பட்ட வேலை இல்லை, சார்.

1902 முதல் ரோடினின் வெண்கலங்களில் பெரும்பகுதியை வார்த்தது பாரிஸின் ருதியே பட்டறை. 'அலெக்சி ருதியே' என்று முத்திரை இருக்கும். அந்த அலெக்சி 1897லேயே இறந்துவிட்டார்! மகன் யூஜின்தான் 1952இல் தாம் இறக்கும்வரை அப்பா பெயரைப் பொறித்துக்கொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பட்டறையும் அப்பா பெயரில்தான் நடக்கிறது.

சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து, 1913இல் உருகி எழுதியவர் ரோடின். அந்த நடராஜரை வார்த்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரிந்த பெயர்களையாவது விடாதீர்கள். வெண்கலச் சிற்பத்தின் படம் போடும்போது சிற்பியின் பெயருக்குக் கீழே வார்த்தவருக்கும் ஒரு வரி கொடுங்கள்.

இப்படிக்கு,
சிலை வார்க்கும் ஒரு வாசகன்,
சுவாமிமலை.