எச்.ஐ.வி. மரபணு வரிசையை எங்கள் சம்மதமில்லாமல் பயன்படுத்துவது குறித்து மூன்றாவது மனு

அனுப்புநர்: சிகிச்சையில் இருக்கும் ஒருவர் (பெயரும் பதிவெண்ணும் முதல் இரண்டு மனுக்களில் உள்ளன)

பெறுநர்: பொது சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த வைரஸ் மரபணு வரிசையைக் கொண்டு தொற்றுத் தொடர்பு தேடுவது – சம்மதமும் ரகசியமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. கோப்பு மேசை மாறிக்கொண்டிருக்கும் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன். எங்கள் சிகிச்சை மையத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். மருந்து வரிசையும் கவுன்சலிங் அறை வாசலும் ஒரே வராந்தாவில் இருப்பதும் தங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் விளக்கப் போவதில்லை.

1. என் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, குறையாமல் நின்றபோது, மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்க ரத்தம் கேட்டார்கள், கொடுத்தேன். இந்த வைரஸின் மரபணு சுமார் 9,700 எழுத்துகள் நீளம். மருந்துகள் தாக்கும் நொதிகளுக்கான பகுதியை மட்டும் படித்து, எந்த மருந்து பலிக்காது என்று சொல்கிறார்கள். எனக்கும் மருந்தை மாற்றினார்கள். இப்போது வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இதற்கு நன்றி சொல்கிறேன், மனதாரத்தான். ஆனால் அப்படிப் படித்த அதே எழுத்து வரிசையை மற்றவர்களின் வரிசைகளோடு ஒப்பிட்டு, ஒத்திருப்பவர்களை ஒரு 'கொத்தாக' சேர்க்கப் போகிறார்கள் என்று ரத்தம் எடுத்த அன்று யாரும் சொல்லவில்லை. நான் கையெழுத்திட்ட படிவத்திலும் அப்படி ஒரு வரி இல்லை.

2. அப்புறம் ஒருநாள் களப்பணியாளர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் திட்டத்தின் பெயர் அச்சிட்ட பை. என் வீடு எது என்று பக்கத்து வீட்டில் பெயர் சொல்லிக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். முன்னறையில் உட்கார்ந்து, "போன ஒரு வருஷத்துல யார் யாரோட பழக்கம்?" என்று கேட்டார். ஏன் என்னிடம் கேட்கிறீர்கள் என்றேன். "உங்க வைரஸ் இன்னும் நாலு பேரோட வைரஸோட ஒத்துப்போகுது" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், அதை மறுக்கவில்லை. ஆனால் அது சின்ன வீடு. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தபோது நான் இல்லை. "அந்தக் கொத்து விஷயமாப் பேசணும்" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரத்தத்தில் ஏதோ குறை, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுதான் அம்மா அதுவரை நம்பியிருந்தார். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்: "என்ன கொத்து? யார் அந்த நாலு பேர்?"

ஐயா, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அந்த நாலு பேர் யாரென்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் இப்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலாவது பரவாயில்லை. பரிசோதனைக்கு வருவதாக இருந்த என் நண்பர், "ரத்தம் கொடுத்தா வீடு தேடி வருவாங்கன்னா நான் வரல" என்று சொல்லிவிட்டார். இன்றுவரை போகவில்லை. தொற்றைக் கண்டுபிடிக்கத்தானே இந்த ஏற்பாடு?

3. நான் இந்த அறிவியலுக்கு எதிரி இல்லை. 2015-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வலி மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களிடையே தொற்று பரவியபோது, ஆராய்ந்த 159 வரிசைகளில் 157 மிக நெருக்கமாக ஒத்திருந்தன. ஒரே கொத்து என்பது தெளிவானது. அங்கே பரவலை அடக்க உதவியவை சுத்தமான ஊசியும் உடனடிச் சிகிச்சையும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2014-ல் மருந்துக்கு அடங்காத வைரஸுள்ள ஒரு கொத்து வளர்வதைக் கணினி காட்டியது, அதன்பின் சிகிச்சை உதவியை அங்கே முடுக்கினார்கள். சரி, இங்கே அந்தக் கொத்துக்கு என்ன கொடுத்தீர்கள்? எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வித்தாள்.

4. இரண்டு வரிசைகள் ஒத்துப்போனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஆகிவிடாது. நடுவில் பரிசோதனைக்கே வராத மூன்றாவது ஆள் இருக்கலாம், இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். ஒருவர் இன்னொருவருக்குத் தொற்றைக் கொடுத்தார் என்று இந்த ஆய்வால் மட்டும் உறுதியாக நிரூபிக்க முடியாது என்று 2018-ல் 20 விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதினார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பெற்ற பிரான்சுவாஸ் பார்ரே-சினூசியும் அதில் ஒருவர். ஆனால் "ஒத்துப்போகுது" என்ற சொல்லை வீட்டு வாசலில் கேட்பவருக்கு இதெல்லாம் புரியுமா? நாளைக்குக் காவல் நிலையத்திலிருந்து யாராவது இந்தப் பட்டியலைக் கேட்டால்? கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தர ஏன் இத்தனை தயக்கம்?

5. அமெரிக்க அதிபரின் எச்.ஐ.வி. ஆலோசனைக் குழுவே 2022 அக்டோபரில், சம்மதம், தனியுரிமை பற்றிய கவலைகளை முன்வைத்து, இந்த முறையின் விதிகளைத் திருத்தச் சொன்னது. அதாவது இது எனக்கு மட்டும் தோன்றிய குறை இல்லை.

6. கேட்பவை: ரத்தம் எடுக்கும் முன், வரிசை வேறு எதற்கெல்லாம் போகும் என்று எங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். வேண்டாம் என்பவரின் வரிசையை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள், அதற்காக அவருடைய சிகிச்சையும் குறையக் கூடாது. காவல்துறைக்கும் வழக்குக்கும் தரவு போகாது என்று எழுத்தில் தாருங்கள்.

7. வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். மையத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். மாதாமாதம் அங்கேதானே வருகிறேன்! ஒரு போன் போதுமே ஐயா. தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

8. இந்த மனுவுக்காவது பதில் தாருங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள். பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம், உறையில் உங்கள் அலுவலகப் பெயர் இருக்கும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் உள்ளவர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல் இரண்டு, ஒப்புகைச் சீட்டின் நகல் ஒன்று.